"பிரிக்கவே இல்லை" என்று விற்றார், உள்ளே இரண்டு விமானம்

பழைய விமானக் கிட் (ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி) தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டுத்தான் பாடம் படித்தேன்.

வாங்கியது 1/48 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 9, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் ஒரு ரகம். கடையில் வருவது நின்றுபோய்ப் பல வருடம் ஆன கிட். சின்ன வயதில் இதையே ஒட்டி, பசை வழிந்து, கேனபியில் (விமானி அறையின் கண்ணாடி மூடி) என் கட்டைவிரல் ரேகையைப் பதித்துப் பாழாக்கியிருக்கிறேன். இந்த முறையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று ஆசை. விற்றவர், "பிரிக்கவே இல்லை சார், மேலே சுற்றிய பிளாஸ்டிக் ஃபிலிம் அப்படியே இருக்கிறது" என்றார். அந்தக் கிட்டுக்கென்றே வந்த ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) காக்பிட் செட்டும் கைவசம் இருப்பதாகவும், சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். அந்தக் காசுக்குப் புதிய அச்சில் வந்த நல்ல கிட் மூன்று வாங்கியிருக்கலாம். தெரிந்தேதான் கொடுத்தேன். பழசின் மேல் ஆசை வந்தால் கணக்குப் போடத் தோன்றாது.

பெட்டி வந்தது. ஃபிலிம் தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுக்கம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஆனால் அதற்கு அடியில் அட்டையின் இரண்டு மூலைகள் தேய்ந்து, நார் வெளியே தெரிந்தது. ஓரத்தில் பழைய செலோடேப் இருந்த பழுப்புக் கறை. மூடியில் யாரோ சிவப்பு மையில் போட்ட சின்ன 'டிக்' குறி. இதெல்லாம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. ஃபேக்டரியில் சுற்றிய ஃபிலிம் கிழியாமல் இருந்தால், அதற்குள் இருக்கும் மூலை மட்டும் எப்படித் தேயும்? ஃபிலிம் சுருளும் சூடான காற்று ஊதும் கருவியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் சில நிமிடத்தில் புதிதாகச் சுற்றிவிடலாம். இந்தக் கேள்வி எனக்கு வந்தது மூன்று வாரம் கழித்து.

பிரித்தேன். டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மஞ்சளாகியிருந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன், வயதானால் அப்படித்தான் ஆகும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் நாள் போகப் போக வெளுக்கும். தண்ணீரில் நனைக்கும் முன் மேலே ஒரு பூச்சு கிளியர் வார்னிஷ் அடித்தால் நொறுங்கும் ஆபத்தும் குறையும். கேனபி கீறல் இல்லாமல் இருந்தது. அந்த சந்தோஷத்தில் பாகங்களை எண்ணிப் பார்க்காமல் நேராக இறக்கையில் இறங்கிவிட்டேன். முட்டாள்தனம்தான்.

அந்தக் காலத்துக் கிட்கள் பலவற்றில் பேனல் கோடுகள் மேடாகத் துருத்திக்கொண்டு இருக்கும். நிஜ விமானத்தில் அது தகடும் தகடும் சேரும் மயிரிழை இடுக்கு. அதனால் மேட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, தடித்த லேபிள் டேப்பை ஓரமாக ஒட்டி, அதை அணைத்தபடி ஊசியால் மெல்லக் கீற வேண்டும். முதல் இழுப்பில் அழுத்தமே கொடுக்கக் கூடாது. நாலைந்து முறை இழுத்தால் கோடு தானாக ஆழமாகும், அவசரப்பட்டால் ஊசி வழுக்கி இறக்கைக்குக் குறுக்கே ஓடும். ஆறு சாயங்காலம் இதிலேயே போயிற்று. நன்றாகவும் வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் பசை போடாமல் இறக்கையை உடலோடு பொருத்திப் பார்த்தேன். விரல் நகம் உள்ளே போகிற இடைவெளி. பழைய கிட்தானே, புட்டி வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று விமானத்தின் மூக்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் இன்ஜின் புகை வெளியேறும் எக்சாஸ்ட் குழாய்களை எண்ணினேன். பக்கத்துக்கு மூன்று.

ஸ்பிட்ஃபயர் பித்து உள்ளவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். 1941 கடைசியில் ஜெர்மனியின் ஃபாக்க வுல்ஃப் 190 வந்து மார்க் 5 விமானங்களைத் திணறடித்தது. அதற்குப் பதிலடியாக, இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த மெர்லின் இன்ஜினோடு 1942இல் மார்க் 9 வந்தது. மூக்கு நீண்டது, புரொபெல்லர் நாலு இதழானது, எக்சாஸ்ட் பக்கத்துக்கு ஆறானது, இரண்டு இறக்கைக்கு அடியிலும் ஒரே மாதிரி ரேடியேட்டர் பெட்டி வந்தது. மார்க் 5இல் வழக்கமாக மூன்று இதழ், மூன்று எக்சாஸ்ட். வலது இறக்கைக்கு அடியில்தான் பெரிய ரேடியேட்டர், இடப்பக்கம் இருப்பது சின்ன ஆயில் கூலர்.

என்னிடம் இருந்த இறக்கை மார்க் 9. உடலும் புரொபெல்லரும் மார்க் 5, அதுவும் வேறு கம்பெனி. பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்ப்ரூ சட்டங்களில் எண்களைப் பார்த்தால் 14 இரண்டு முறை இருக்கிறது, 22 முதல் 27 வரை ஒன்றுமே இல்லை. விளக்கடியில் வைத்தால் சில சட்டங்களின் சாம்பல் நிறத்தில் மட்டும் லேசாக நீலம் ஓடுகிறது. இரண்டு அரைகுறைக் கிட்டை ஒரு பெட்டியில் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள்.

ரெசின் செட் இன்னொரு கதை. அசல் பாகத்திலிருந்து யாரோ சிலிக்கான் அச்சு எடுத்து ஊற்றிய நகல் அது. டயல்கள் எல்லாம் நக்கிப்போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தன. ஸ்பிட்ஃபயரின் கன்ட்ரோல் ஸ்டிக் தலையில் ஒரு வளையம் இருக்கும், அந்த வளையம் காற்றுக் குமிழியால் பாதியில் அறுந்து நின்றது. (நல்ல ரெசினோ போலியோ, தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேயுங்கள், முகமூடியும் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

விற்றவரைக் கேட்டேன். "சார், ஃபிலிமைப் பிரித்தது நீங்கள்தானே? நான் வாங்கியபடியே விற்றேன்" என்றார். படங்கள் அனுப்பினேன். "இறக்கையை வேறு உரசிவிட்டீர்கள், இனி எப்படித் திருப்பி எடுப்பது?" என்று பதில் வந்தது. அதில் எனக்கு வாய் அடைத்துப்போனது உண்மை. அதன் பிறகு பதிலே இல்லை.

வாங்கும் முன், ஃபிலிம் இருந்தாலும் பரவாயில்லை, பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா ஸ்ப்ரூவும் பரப்பிய படம், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டு, கேனபியும் டெக்காலும் கிட்டத்தில். கிட்டில் ரப்பர் மாதிரி மிருதுவான டயர் இருந்தால் அது எதன் மேல் கிடக்கிறது என்றும் கேளுங்கள், வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். "பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்பவரிடம் சேகரிப்பவர்கள் வாங்கட்டும். நமக்கு ஒட்ட வேண்டும். வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்து, குறிப்புத்தாளை வைத்து எண்களைச் சரிபார்த்த பிறகு ஊசியை எடுங்கள்.

நேற்று அதே ஆள் மறுபடி ஒரு மார்க் 9 விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பிரிக்காதது, ஃபிலிம் அப்படியே என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் அதே சிவப்பு மை டிக். அந்த மூடி இப்போது என் அலமாரியில் இருக்கிறது.