பல்பை மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் பிறை வயர்மேன் பட்டறை

என்னுடைய பெரோடுவா கஞ்சில் காருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. கடந்த இரண்டு மாதங்களாக அதன் இடது முன்விளக்கு மட்டும் மண்ணெண்ணெய் விளக்கைப் போல மஞ்சளாக மங்கி எரிந்தது. பின்புறத்திலோ, பிரேக்கை மிதித்தால் வலப்பக்கச் சிக்னலும் சேர்ந்து லேசாக மினுங்கியது. மழை இரவில் பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு நான் தெரிகிறேனா என்ற கவலையிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பட்டறையில் இரண்டு முறை பின்விளக்குப் பல்பை மாற்றிவிட்டு, மூன்றாம் முறை பின்விளக்கை முழுவதுமாக மாற்றச் சொன்னார்கள். அதன் பிறகே, பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையின் உட்சாலையில் வயரிங் வேலை மட்டுமே செய்யும் இந்தச் சிறிய பட்டறைக்குச் சென்றேன்.

வயர்மேன் அறுபதை நெருங்கியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பல்பைத் தொடாமல், ஒரு நீளமான கறுப்பு வயரை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கவ்வவிட்டு, அதைக் கார் நெடுக இழுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையைப் பின்விளக்கின் எர்த்திலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) வைத்து, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். நல்ல எர்த்தாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் 2.4 வோல்ட் காட்டியது.

“பல்பு மேல பழி போடாதீங்க தம்பி, கரண்டு திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு,” என்றார்.

பிரேக், சிக்னல், பின்விளக்கு மூன்றுக்கும் ஒரே எர்த் வயர்தான். அது காரின் பின்பக்கச் சாமான் அறைக்குள் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்த போல்ட் துருப்பிடித்திருந்ததால், 21 வாட் பிரேக் இழையின் வழியாக வந்த மின்சாரம் பாடிக்குப் போக முடியாமல், பக்கத்துச் சிக்னல் பல்பினுள் தலைகீழாகப் புகுந்து, முன்பக்கச் சிக்னலின் எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது. விளக்கை முழுவதுமாக மாற்றியிருந்தாலும் அந்த மினுக்கம் அப்படியேதான் இருந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புதிய வளைய முனையைப் பொருத்தி, மேலே கிரீஸ் தடவினார். மீட்டர் 0.1-க்கும் கீழே இறங்கியது.

முன்விளக்கின் கோளாறு வேறு வகை. அதிலிருந்த எச்4 பல்பு (தூர ஒளிக்கும் அண்மை ஒளிக்கும் தனித்தனி இழை கொண்டது) வழக்கமான 60/55 வாட் அல்ல. முந்தைய உரிமையாளர் 100/90 வாட் பல்பைப் போட்டிருந்தார். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் இது 8 ஆம்பியருக்கு மேல் இழுத்ததில், சாக்கெட் உருகிப் பழுப்பேறி, உள்ளே முனைகள் தளர்ந்துபோயிருந்தன. பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், மங்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பீங்கான் சாக்கெட்டையும் சரியான வாட் பல்பையும் போட்டார். பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்துப் பொருத்தியதையும் கவனித்தேன்.

எல்லாம் சேர்த்து 70 ரிங்கிட். என் கணக்கில் இது மிக நியாயமான விலை, ஆனால் ரசீது கிடையாது. இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். உட்கார இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதிலும் பூனை படுத்திருந்தது. பெரிய குறை ஒன்று உண்டு. விளக்கின் ஒளிக்கற்றையைச் சரிபார்க்கும் கருவி அங்கே இல்லாததால், எதிரே இருந்த சுவரில் வெளிச்சத்தை அடித்து, கண்மதிப்பில்தான் சரிசெய்தார். அன்றிரவே எதிரில் வந்த இருவர் எனக்கு விளக்கை அடித்துக் காட்டினார்கள். மறுநாள் நானே திருகைச் சற்றுத் திருப்பி ஒளியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போகவிருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

இன்னொன்று, அவர் தனியாளாக வேலை செய்கிறார். பிரேக்கை மிதிக்க நீங்கள் காரில் உட்கார்ந்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சாவியைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டால், இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஓடுவார்.