ட்ரங்கன் மாஸ்டர் 2: எங்கள் சிடியில் இல்லாத கடைசிக் காட்சி

2002 வாக்கில் என் அண்ணன் காரைக்குடியில் சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு 10 ரூபாய். கீறல் விழுந்து திரும்பி வந்தால் திட்டு மட்டும் இலவசம். கல்லூரி விட்டு வந்ததும் நான்தான் கல்லாவில் உட்காருவேன். ரஜினி படங்களுக்கு அடுத்தபடி அந்தக் கடையில் அதிகம் தேய்ந்தவை ஜாக்கி சான் சிடிகள். அதிலும் ஒன்றை மட்டும் மூன்று முறை புதிதாக வாங்கிப் போட்டோம். உறையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் இருக்கும். அண்ணன் அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'குடிகார மாஸ்டர்' என்று எழுதி ஒட்டியிருந்தார். பையன்களும் அப்படியேதான் கேட்பார்கள்: "அக்கா, குடிகார மாஸ்டர் உள்ள இருக்கா, வெளிய போயிருக்கா?"

அது 1994-ல் ஹாங்காங்கில் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர் 2' படத்தை ஆங்கிலத்தில் டப் செய்து, இசையையும் மாற்றி, 2000-ல் அமெரிக்காவில் வெளியிட்ட வடிவம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. வில்லன் விழுவான், பெயர்கள் ஓடும், கூடவே படப்பிடிப்பில் அடிபட்ட காட்சிகள் வரும். அவ்வளவுதான் படம் என்று நினைத்திருந்தோம். போன மாதம் அண்ணன் எங்கேயோ தேடிப்பிடித்து, மூல காண்டனீஸ் மொழியில், வெட்டு விழாத டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனையும் கூட உட்கார வைத்துப் பார்த்தோம். கடைசியில் ஒரு காட்சி கூடுதலாக இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் படத்தைச் சொல்லாமல் அதைச் சொன்னால் புரியாது.

முதல் பாகம் 1978-ல் வந்தது. யுவன் வூ-பிங் இயக்கம். ஜாக்கிக்கு அப்போது 24 வயது. இரண்டாவது வரும்போது அவருக்கு 40 ஆக இரண்டு மாதம்தான் பாக்கி. வாங் ஃபெய்-ஹங் என்ற அதே நாயகன், அதே விடலைப் பையன் வேஷம். அப்பாவாக நடிக்கும் டி லுங் அவரைவிட 8 வயதுதான் மூத்தவர். சித்தியாக வரும் அனிதா முய் 9 வயது இளையவர்! ஹீரோவைவிடச் சின்ன வயது அம்மாக்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. முதல் பாகத்துக்கும் இதற்கும் கதையில் தொடர்பும் கிடையாது. பாத்திரம் ஒன்று, குடித்துவிட்டுத் தள்ளாடுவதுபோலவே அடிக்கும் குடிகாரக் குத்து ஒன்று, மற்றதெல்லாம் வேறு.

கதை சின்னது. மருந்துக்காக வாங்கிவரும் ஜின்செங் வேருக்குச் சுங்கவரி கட்டாமல் தப்பிக்க, ரயிலில் அதை வெள்ளைக்காரத் தூதரின் சாமான்களுக்குள் ஒளித்து வைக்கிறான் ஃபெய்-ஹங். திரும்ப எடுக்கும்போது பெட்டி மாறிப்போய், கைக்கு வருவது பேரரசரின் முத்திரை. தூதர் சீனாவின் பழம்பொருட்களைக் கடத்துகிறார், கூடவே இரும்பாலைத் தொழிலாளிகளைக் கசக்கிப் பிழிகிறார். நடுவே அப்பாவின் உத்தரவு: குடிக்காதே, குடிகாரக் குத்தை எடுக்காதே. அளவு தப்பினால் அந்தக் குத்தே உன்னைச் சாய்த்துவிடும் என்பது அவருடைய கவலை. இந்தக் கவலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் இயக்குநர் லாவ் கார்-லியுங். நம்மூரில் ஜாக்கியைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாது. வாங் ஃபெய்-ஹங் என்பவர் கற்பனை இல்லை. தென் சீனத்தில் 1847-ல் பிறந்த நிஜமான வைத்தியர், ஹங் கார் என்னும் குங்ஃபூ பிரிவின் ஆசான். அவருடைய சீடர் லாம் சாய்-விங். அவரிடம் கற்றவர் லாவ் சாம். அந்த லாவ் சாமின் மகன்தான் இந்த இயக்குநர். பாட்டு வாத்தியாருக்குச் சொல்வதுபோலச் சொன்னால், குரு பரம்பரையில் நேராக வந்தவர். அப்பாவும் மகனும் 1950-களிலேயே வாங் ஃபெய்-ஹங் படங்களில் வேலை பார்த்தவர்கள். தன் பரம்பரையின் ஆசானை ஒரு குறும்புக்காரக் குடிகாரனாகக் காட்டும் படத்தை அவரே இயக்க நேர்ந்ததை எப்படி எடுத்துக்கொண்டார் என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன்.

பதில் அவர் நடிப்பிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. முத்திரையைக் காப்பாற்ற அலையும் பழைய மஞ்சு அரச வம்சத்து அதிகாரியாக அவரே வருகிறார். அறுபதை நெருங்கிய, கொஞ்சம் தொப்பை விழுந்த மனிதர். ரயில் நின்றதும் பெட்டிக்கு அடியில், தண்டவாளத்துக்கு மேலே, ஈட்டியும் வாளுமாக அவரும் ஜாக்கியும் மோதுகிறார்கள். நிமிர முடியாது. முழுச் சண்டையும் குந்திய நிலையில், முட்டியும் இடுப்பும் மட்டும் வேலை செய்ய நடக்கிறது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஐம்பது தாண்டியவர்களை 'கீழே உட்காராதீங்க, மேல்நாட்டுக் கழிப்பறைக்கு மாறுங்க' என்று சொல்லி அனுப்புவோம். இந்த ஆள் குந்திய வாக்கில் முன்னும் பின்னும் ஓடுகிறார். ஈட்டி முனை சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே புகுந்து வருகிறது. கேமரா பதறவில்லை, இரண்டு பேரின் கால்களும் எங்கே இருக்கின்றன என்பது எப்போதும் தெரிகிறது. கராத்தே வகுப்பில் ஆரஞ்சு பெல்ட் வாங்கியிருக்கும் என் மகன், "அந்தத் தாத்தா நிலை எடுக்கிறதே வேற மாதிரி இருக்கும்மா" என்றான். பையனுக்குக் கண் இருக்கிறது. ஜாக்கி ஒவ்வொரு அடிக்கும் முகத்தில் ஒன்று செய்வார். லாவ் முகத்தில் ஒன்றும் இருக்காது, இடுப்பில் எல்லாம் இருக்கும்.

இன்னொன்று தேநீர்க் கடைச் சண்டை. இருவரும் மாடியில் பேசிக்கொண்டிருக்கும்போது கோடாரிக் கூட்டம் ஒன்று படியேறி வருகிறது. பத்து, இருபது என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். பெஞ்சு, மேசை, கைக்குக் கிடைத்ததெல்லாம் ஆயுதம். மூங்கில் கழியின் முனை சிதறிச் சிம்பு சிம்பாகப் பிரிந்துபோக, ஜாக்கி அதையே விளக்குமாறு மாதிரி வீசிக் கூட்டத்தை ஒதுக்குகிறார். ஒவ்வொரு வீச்சிலும் அந்தச் சிம்புகள் முகத்தில் கீறுவது நமக்கே உறைக்கிறது.

இதற்குப் பிறகு படம் வேறு ஆள் கைக்கு மாறுகிறது. உண்மையிலேயே மாறியது. சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் லாவுக்கும் ஜாக்கிக்கும் ஒத்துப்போகாமல், படம் முடியும் முன்பே லாவ் விலகிவிட்டார். இறுதிச் சண்டையை ஜாக்கியே இயக்கினார். லாவ் அதே 1994-லேயே 'ட்ரங்கன் மாஸ்டர் 3' என்று ஜாக்கி இல்லாமல் ஒரு படம் எடுத்தார். அது எடுபடவில்லை. மறுவருஷம் ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த சண்டை அமைப்புக்கான பரிசு இந்தப் படத்துக்குக் கிடைத்தபோது, அதில் லாவ் பெயரும் இருந்தது, ஜாக்கியின் சண்டைக் குழுவின் பெயரும் இருந்தது. பங்காளிச் சண்டைக்குப் பிறகும் பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் இருப்பதுபோல.

இந்தத் தையல் படத்தில் தெரிகிறதா? தெரிகிறது. அதுவே எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இரும்பாலைக்குள் போனதும் வேகம் இரண்டு மடங்கு ஆகிறது, வெட்டுகள் கூடுகின்றன. அங்கே எதிராளி கென் லோ. நிஜ வாழ்க்கையில் ஜாக்கியின் மெய்க்காவலராக இருந்தவர், உதைச் சண்டைக்காரர். ஒற்றைக் காலில் நின்றபடி இன்னொரு காலைக் கீழேயே விடாமல் உதைத்துக்கொண்டே இருக்கிறார். மின்விசிறி றெக்கை மாதிரி. அண்ணன் கடை டிவியில் இந்த இடத்தைப் பார்க்க வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார்கள், சிடி எடுக்காதவர்கள்கூட.

அப்புறம் அந்தத் தணல். உதை வாங்கிய ஜாக்கி எரியும் கரிப்படுகையில் மல்லாக்க விழுந்து, அதன்மேலேயே கைகளால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறார். நிஜத் தணல். முதல் தடவை சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும் செய்தார். தீக்காய வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். உள்ளங்கையும் முழங்கையும் வெந்தால் விரலை மடக்கப் பழகவே எத்தனை வாரம் ஆகும் என்று தெரியும். இருபது வயதில் விசில் அடிக்காத குறையாகப் பார்த்த இடம் இது. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. காட்சி அபாரம். இன்னொரு முறை செய்யச் சொல்லி யாரும் கேட்டிருக்கக் கூடாது, அவரே உட்பட.

ஆனால் படத்தின் உண்மையான நட்சத்திரம் யார் என்று கேட்டால் சித்தியைத்தான் சொல்வேன். அனிதா முய் ஹாங்காங்கின் பெரிய மேடைப் பாடகி. இங்கே புருஷன் தலை மறைந்ததும் தோழிகளோடு மாஜாங் சூதாடி, அவர் வந்ததும் குத்துவிளக்கு மாதிரி நிற்கும் பெண். அந்த முகமாற்றம் அரை நொடியில் நடக்கும். சந்தைத் தெருவில் மூத்தாள் மகனுக்கு ரவுடிகளோடு சண்டை மூண்டதும், தடுக்க வேண்டியவள் கடையிலிருந்து மது பாட்டிலாக எடுத்து வீசுகிறாள். அவன் அந்தரத்தில் பிடித்துக் குடித்துக் குடித்து அடிக்கிறான். புருஷனைக் கண்டதும் இவளே முதல் ஆளாக அழத் தொடங்குகிறாள். எங்கள் தெருவில் இப்படி ஒரு சின்னம்மா இருந்தார்; இப்போதும் இருக்கிறார், பெயர் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார். அனிதா முய் 2003 டிசம்பரில், 40 வயதில், கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நோயைத் தினமும் பார்க்கும் வேலையில் இருப்பதால், அவர் பாட்டில் வீசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

குறைகளும் உண்டு. வெள்ளைக்காரத் தூதராக நடிப்பவரும் அவருடைய ஆட்களும் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். நடுவில் இருபது நிமிஷம் படம் தூங்குகிறது. எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தேன், ஒன்றும் நஷ்டமில்லை. ஆங்கில டப்பிங்கில் பார்ப்பதானால் சித்தியின் பாதி நகைச்சுவை போய்விடும். அவர் குரல் ஏறி இறங்குவதில்தான் விஷயமே இருக்கிறது.

இனி அந்தக் கடைசிக் காட்சி. கென் லோவை வெல்ல முடியாத நிலையில் ஜாக்கி ஆலையில் இருக்கும் தொழிற்சாலைச் சாராயத்தை எடுத்துக் குடிக்கிறார். முகம் சிவக்கிறது, வாயிலிருந்து குமிழ் குமிழாக வருகிறது, பேய் பிடித்தவர் மாதிரி அடித்து ஜெயிக்கிறார். எங்கள் பழைய சிடி அத்தோடு முடிந்துவிடும். மூலப் படத்தில் அதற்குப் பிறகு ஒன்று வருகிறது. பாராட்ட அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ஃபெய்-ஹங்கை அழைத்து வருகிறார்கள். அந்தச் சாராயத்தால் அவனுக்குக் கண் போய்விட்டது, புத்தியும் பேதலித்துவிட்டது. அதை ஹாஸ்யமாக எடுத்திருக்கிறார்கள். கோணல் முகம், உளறல், வெடிச்சிரிப்பு, முடிந்தது.

அண்ணன் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. தொழிற்சாலைச் சாராய வகையான மெத்தனாலைக் குடித்தவர்கள் எமர்ஜென்சிக்கு வரும்போது முதலில் சொல்வதே "கண்ணுக்கு முன்னால வெள்ளையா மூடுது சிஸ்டர்" என்பதுதான். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு மாற்று மருந்தாக நல்ல சாராயத்தையே, அதாவது எத்தனாலையே, கொடுப்பதும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களில் பார்வை போனவர்களும் உண்டு. இதைப் படித்த, பார்த்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோணல் முகத்துக்கு எப்படிச் சிரிப்பது?

ஆனாலும் அதை வெட்டியது சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் முழுக்க அப்பா கரடியாய்க் கத்தியது எதற்காக? அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்காகத்தானே. அதற்கான பதில் இந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது. இதை எடுத்துவிட்டால், விஷத்தைக் குடித்து ஜெயித்தவன் முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனான் என்று ஆகிவிடுகிறது. நாங்கள் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான பையன்களுக்கு வாடகைக்கு விட்டது அந்தப் படத்தைத்தான். கதைக்கு வேண்டிய காட்சி. எடுத்த விதம் கேவலம். தான் பாட்டில் வீசாமல் இருந்திருந்தால் என்று சித்தி நினைப்பதுபோல ஒரே ஒரு ஷாட் வைத்திருந்தால் போதும், மிச்சத்தை அனிதா முய் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாங்குகிறவர்கள் காண்டனீஸ் ஒலி இருக்கிறதா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளோடு பார்ப்பதானால் கடைசிக் காட்சி வரும்போது எழுந்து போகாமல் கூட உட்காருங்கள், கேள்வி வரும். என் மகன் கேட்டான்: "அந்த அங்கிளுக்குக் கண்ணு திரும்ப வந்துடுமாம்மா?" சில பேருக்கு வரும், பல பேருக்கு வராது என்று ஆஸ்பத்திரிப் பதிலையே சொன்னேன்.

அண்ணன் டிஸ்க்கை வெளியே எடுத்து, பழக்கம் போகாமல் பனியன் நுனியில் துடைத்து, உறையில் போட்டார். "அப்பவே இது தெரிஞ்சிருந்தா, 10 ரூபாய்ல ஒரு ரூபாய் கழிச்சுல்ல வாங்கியிருப்பேன்" என்றார்.