பத்து வீரர்களுக்கு வண்ணம்: அடுக்கு முறையா, கான்ட்ராஸ்ட் முறையா?

சிறு உருவங்களை மேசைமேல் நகர்த்தி ஆடும் வார்ஹேமர் 40,000 என்ற போர் ஆட்டத்திற்குப் படை திரட்டுகிறவர்கள், ஒரு தலைவனின் உருவத்திற்கு வண்ணம் பூசுவதையும் பத்துப் பேர் கொண்ட ஒரு ஸ்குவாடிற்கு வண்ணம் பூசுவதையும் ஒரே வேலையாக எண்ணக் கூடாது. தலைவனுக்கு ஒரு வாரத்தை முழுவதுமாகக் கொடுக்கலாம். ஸ்குவாடிலோ, முதல் உருவத்தில் விருப்பத்தோடு செய்த அதே வேலையை ஏழாவது உருவத்திலும் எட்டாவது உருவத்திலும் செய்ய வேண்டியிருப்பதால், கையும் கண்ணும் சலித்துப் போகாத ஒரு முறையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பது அவசியமாகிறது. அந்தத் தேர்வை வண்ணப் புட்டியைத் திறக்கும்போது செய்தால் போதாது. பாகங்களை அவை இணைந்துவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும் என்பது, இரண்டு முறைகளிலும் முழு ஸ்குவாட்களைச் செய்து முடித்த பின் எனக்கு உறுதியாகியிருக்கிறது.

முதலாவது அடுக்கு முறை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2012-இல் தன் சிட்டாடல் வண்ணங்களை பேஸ், ஷேட், லேயர், டிரை என்று வகை பிரித்து வெளியிட்டபோது, பலரும் ஏற்கெனவே செய்துவந்த வரிசை புட்டிகளின் பெயரிலேயே இடம்பெற்றது. ஒளிபுகாத அடிவண்ணம் பூசி, பள்ளங்களில் தேங்கும் நீர்த்த ஷேடைப் பூசி, மேட்டுப் பகுதிகளில் அடிவண்ணத்தை மீட்டெடுத்து, கடைசியாக விளிம்புகளில் வெளிறிய கோடு இழுப்பதே அந்த வரிசை. இரண்டாவது, 2019-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் முறை. ரெய்த்போன், கிரே சீர் போன்ற வெளிர்நிறப் பிரைமரின் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சின்) மீது ஒளி ஊடுருவும் வண்ணத்தை ஒரே பூச்சாகப் பூசினால், அது மேட்டிலிருந்து வடிந்து பள்ளத்தில் திரண்டு, நிழலையும் வெளிச்சத்தையும் தானே உண்டாக்கிவிடுகிறது. பிற நிறுவனங்களும் இப்போது இதே வகை வண்ணங்களை விற்கின்றன.

எந்த உருவத்திற்கு எது பொருந்தும் என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. கனத்த கவசம் அணிந்த ஸ்பேஸ் மரீன் வீரர்களின் இன்டர்செஸர் ஸ்குவாடை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய தோள்கவசம் வழவழப்பான ஒரு வளைந்த பரப்பு. கான்ட்ராஸ்ட் வண்ணம் தேங்குவதற்கு அதில் பள்ளமே இல்லை. நான் அல்ட்ராமரீன்ஸ் நீலம் என்ற கான்ட்ராஸ்ட் வண்ணத்தை அந்தத் தோளில் பூசி, உலர்ந்த பிறகு விளக்கருகே வைத்துப் பார்த்தபோது, மேலே வெளிறியும் கீழ்விளிம்பில் கருநீலமாகத் திரண்டும், நடுவில் தண்ணீர்க் குவளையை எடுத்த பின் மேசையில் படிந்திருக்கும் வளையத்தைப் போன்ற ஒரு கறையோடும் இருந்தது. ஓர் உருவத்தில் அது கவனத்திற்கு வராமல் போகலாம். பத்து உருவங்களில், தோளுக்கு ஒன்றாக இருபது கறைகள் வரிசையாக நிற்கும்போது கண் வேறெங்கும் செல்வதில்லை. அதே தோளில் மக்ராக் நீலம் என்ற அடிவண்ணத்தை இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசி, இடுக்குகளில் மட்டும் நுல்ன் ஆயில் என்ற கறுப்பு ஷேடை விட்டு, விளிம்பில் கால்கர் நீலக் கோடு இழுத்தால், கவசம் கவசமாகத் தெரிகிறது. விளிம்புக் கோட்டிற்கு மட்டும் ஓர் உருவத்திற்கு அரை மணி நேரம் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அந்த அரை மணி நேரத்திற்கு ஈடான குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

அதே ஆட்டத்தின் சாதாரண மனிதப் படையான காடியன் காலாட்படைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. துணி மடிப்பு, தோல்பை, வார், கையுறை, வெறும் முகம் என எல்லாமே மேடும் பள்ளமும் கொண்டவை. ஸ்கெலட்டன் ஹோர்ட் என்ற கான்ட்ராஸ்ட் வண்ணம் முழங்கால் மடிப்பில் இறங்கி, எலும்பின் மேட்டில் தானே வெளிறி நிற்பதை அருகிலிருந்து பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. முகத்திற்கு கில்லிமன் ஃப்ளெஷ் என்ற தோல்நிறக் கான்ட்ராஸ்ட் ஒரே பூச்சு. கண்குழியும் மூக்கோரமும் சிரமமில்லாமல் பிரிந்துவிடுகின்றன. பத்துப் பேரை இரண்டு மாலைகளில் முடித்தேன். இன்டர்செஸர்களுக்கு எனக்கு ஒன்பது மாலைகள் ஆயின.

இனி, பலரும் கவனிக்காத பகுதிக்கு வருகிறேன்: கட்டுவதும் மாற்றியமைப்பதும். அடுக்கு முறையின் அடிவண்ணம் ஒளிபுகாதது என்பதால், மாற்றியமைத்த உருவத்தின் பல குறைகளை அது மன்னித்துவிடும். கான்ட்ராஸ்ட் மன்னிப்பதில்லை. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோட்டைச் சுரண்டாமல் விட்டால், அதன் இரு பக்கமும் வண்ணம் தேங்கி, அதை ஒரு தழும்பைப் போல வரைந்து காட்டிவிடும். காடியன் உடலில் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்த தலையைப் பொருத்தும்போது கழுத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், அந்த இடைவெளி நிறத்தை உறிஞ்சிக் கருங்கோடாகிவிடும். ஆகவே கான்ட்ராஸ்ட் பூசப்போகும் ஸ்குவாடிற்குப் பிளாஸ்டிக் பசையையே நான் வலியுறுத்துவேன். அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. சற்று அழுத்திப் பிடித்தால் கரைந்த பிளாஸ்டிக் இணைப்பில் பிதுங்கி வரும், மறுநாள் கத்தியால் சுரண்டினால் இணைப்பே தெரியாது. சூப்பர் குளூ இவ்வாறு இணைப்பை மறைப்பதில்லை. ஆனால் உலோகத்திற்கும் ரெசினுக்கும் பிளாஸ்டிக் பசை பிடிக்காது என்பதால் அங்கே சூப்பர் குளூவைத்தான் நாட வேண்டும்.

கிரீன் ஸ்டஃப் விஷயத்திலும் இதே கவனம் தேவை. நீலமும் மஞ்சளும் கலந்து பிசைந்து உருவம் செய்யும் இந்த மாவில் மஞ்சள் கூடினால் மென்மையாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்கும். நீலம் கூடினால் இறுகி, கூரிய விளிம்புகளுக்கு ஏற்றதாகும். என் காடியன்களில் மூவருக்கு மஞ்சள் மிகுந்த கலவையில் முக்காடு செய்து, ஈரமான கருவியால் மடிப்புகளை அழுத்தினேன். கான்ட்ராஸ்ட் பூச்சு அந்த மடிப்புகளை மிக அழகாக எடுத்துக் காட்டியது. கூடவே ஒரு முக்காட்டில் பதிந்திருந்த என் கைரேகையையும் அதே அழகோடு எடுத்துக் காட்டியது. பிரைமர் அடித்த பின் ஒருமுறை கூர்ந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அன்றிலிருந்து, மாற்றியமைத்த உருவங்களுக்கு முதலில் பிரைமர் அடித்து, குறை கண்டு, சுரண்டி, மீண்டும் அடிக்கிறேன்.

பிழை திருத்துவதில் அடுக்கு முறைக்கே வெற்றி. அடிவண்ணம் வழிந்த இடத்தில் அதே புட்டியைத் தொட்டு மூடிவிடலாம். கான்ட்ராஸ்ட் வண்ணம் பக்கத்துப் பகுதியில் பட்டுவிட்டால், முதலில் பிரைமரின் நிறத்தைப் பூசி வெளிறச் செய்து, பிறகுதான் உரிய வண்ணத்தைப் பூச வேண்டும்; ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். மேலும், ஆட்டத்தின்போது கையில் எடுத்து எடுத்து வைப்பதால் துப்பாக்கி முனையிலும் முழங்கையிலும் கான்ட்ராஸ்ட் விரைவில் தேய்கிறது. வார்னிஷ் பூசாமல் அந்த ஸ்குவாடை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. கடலோர ஊர்களில் வசிப்பவர்கள், மழைக்கால ஈரத்தில் ஸ்ப்ரே பிரைமர் மணல்போலப் பொரிந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொரிந்த பரப்பின் ஒவ்வொரு துகளையும் கான்ட்ராஸ்ட் வரைந்து காட்டும்.

கறுப்புப் பிரைமரின் மேல் சாம்பலையும் வெள்ளையையும் டிரை பிரஷ் செய்து (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்த்து), அதன்மேல் கான்ட்ராஸ்ட் பூசும் மூன்றாவது வழியும் உண்டு. காலாட்படைக்கு நன்றாகவே வருகிறது. வழவழப்பான கவசத்தில் டிரை பிரஷின் கீறல்கள் தெரிகின்றன. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் அதிகமில்லை.

ஒரே படையில் இரு முறைகளையும் வைத்துக்கொள்ளத் தயங்குகிறவர்கள், எல்லா உருவங்களின் அடித்தட்டிற்கும் ஒரே மண் நிறத்தையும் ஒரே விளிம்பு நிறத்தையும் கொடுத்தால் போதும். மூன்றடித் தொலைவில் படை ஒன்றாகவே தெரியும். என் மேசையில் இப்போது இன்னும் பத்துக் காடியன்கள் பிரைமருக்காகக் காத்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு முழுவதும் கான்ட்ராஸ்ட்தான். ஆனால் சார்ஜென்டின் தலையை மட்டும் உடலில் ஒட்டாமல் ஒரு குச்சியின் முனையில் பொருத்தி வைத்திருக்கிறேன். பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அந்த முகத்தில்தான் என்பதால், கன்னத்து எலும்பு, கீழுதடு, புருவ மேடு என ஒவ்வொன்றாக அடுக்கடுக்காகப் பூசி, அதற்கு ஒரு மாலை முழுவதையும் கொடுக்கப் போகிறேன்.