பழைய லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறதா? பாகம் மாற்றுவதா, போர்டு வேலையா, வேறு மெஷினா?

ஏழெட்டு வயதான லேப்டாப் வேலையின் நடுவே நீலத்திரை காட்டுகிறது, அல்லது சொல்லாமல் கொள்ளாமல் அணைகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இருப்பவருக்கு அப்போது மூன்று வழி உண்டு. கெட்ட பாகத்தைக் கண்டுபிடித்து நாமே மாற்றலாம். ஈப்போ நகரத்துக் கடையில் கொடுத்து மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப் பலகை) வேலை பார்க்கலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட மெஷின் ஒன்றை வாங்கலாம். நான் தேர்ந்தெடுத்தது முதல் வழி, இன்னமும் அதன் பக்கம்தான். கொடுக்கிற காசு, பின்னால் கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடிய பொருளில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். லேப்டாப் செத்தாலும் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பு டிஸ்க்) அடுத்த மெஷினுக்கு வரும். போர்டு வேலைக்குக் கொடுத்த காசு அந்தப் போர்டோடு போய்விடும்.

ஆனால் எது கெட்டது என்று தெரியாமல் பாகம் வாங்கினால் அதுவும் வீண்தான். அதனால் முதலில் எந்த நேரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். தகரக் கூரை வீட்டில் பிற்பகலில் அறையே 34 டிகிரிக்கு வந்துவிடும். ஏர்கோன் அறையின் 24 டிகிரியோடு ஒப்பிட்டால் பத்து டிகிரி கூடுதல். பிராசஸர் சிப்பின் சூடும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி ஏறும். பல இன்டெல் சிப்புகள் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷினையே அணைத்துவிடும். மதியத்தில் நின்று, இரவில் ஒழுங்காக ஓடுகிற லேப்டாப்பில் முதல் சந்தேகம் சூடுதான். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, வீடியோ ஓட்டியபடி பத்து நிமிடம் பாருங்கள். வீடியோவை நிறுத்திச் சும்மா இருக்கும்போதே 70 டிகிரிக்கு மேல் காட்டினால் விசிறிப் பக்கம் அடைத்திருக்கலாம்.

மதியத்தில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடி மழை நேரத்தில் மின்சாரம் ஒரு நொடி தாழும். பேட்டரி நல்லதாக இருந்தால் அது நமக்குத் தெரியாது. செத்திருந்தால் மெஷின் அணையும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போதே அணைந்தால் குற்றவாளி பேட்டரிதான். விண்டோஸின் பதிவேடான இவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பவர் போர்டு போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். ஒழுங்காக மூடாமல் மெஷின் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் நின்றது என்று அது சொல்லாது.

நீலத்திரை வந்தால் அதில் இருக்கும் ஆங்கில வரியைப் படம் எடுத்து வையுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தைச் சோதிக்கலாம். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றால் பெரும்பாலும் டிஸ்க். சில நேரம் ரேமாகவும் இருக்கும். 'வீயா அன்கரெக்டபிள் எரர்' வந்தால் சூடு, மின்னழுத்தம், சிப்பு எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும். முதலில் தூசியை எடுத்துவிட்டு மறுபடி பார்ப்பதே சிக்கனம்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருள் போதும். பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைச் சோதியுங்கள், பிறகு இடம் மாற்றுங்கள். பிழை ரேமைத் தொடர்ந்தால் ரேம் கெட்டது. ஒரே இடத்தில் நின்றால் ரேமைச் செருகும் ஸ்லாட். பல நேரம் தங்கமுலாம் பூசிய விளிம்பை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மறுபடி அழுத்தினாலே சரியாகிவிடும், நம் ஊர் ஈரப்பதம் அப்படி. புதிது வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் பல ரேமுக்கு 1.35 வோல்ட்தான் தரும். அதில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் திரையே வராது, டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

டிஸ்க்கைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கே கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இன்னும் உள்ளே இருந்தால், கெடாவிட்டாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். முதல் வழியில் செலவழிக்கிற காசில் மிக நல்ல காசு இதுதான். நாளைக்கு லேப்டாப் போனாலும் யூஎஸ்பி பெட்டியில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

இனித் தூசி. மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை நிற்கும். செம்மண் சாலையில் செம்பனை லாரி கிளப்பும் தூசியும் துணி நூலும் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகியது அது. வெளியிலிருந்து ஊதினால் போகாது, இன்னும் உள்ளே இறுகும். விசிறியைக் கழற்றி, பட்டையை இடுக்கியால் அப்படியே உரித்து எடுங்கள். பிறகு ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றுகிறவர்கள் அதில் திருகுகளுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும், பூட்டும்போது நேர் வரிசை. சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருப்பதால் நன்றாகக் காயவிட வேண்டும். புதிய பேஸ்ட் சிப்பின் நடுவில் ஓர் அரிசி அளவு போதும். பக்கத்துச் சிப்புகளின் மேல் சாம்பல் நிறத் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டு) இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவாதீர்கள். அங்கே அரை மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும், பேஸ்ட் அதை நிரப்பாது. மூடுவதற்கு முன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தால் அதுதான் அடையாளம். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், கழற்றித் தனியே வைத்து மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

சார்ஜரைப் பற்றி ஒரு வரி: ஒட்டியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட். அதே தலையுள்ள 45 வாட் சார்ஜர் திரையை எழுப்பிவிடும், ஆனால் சுமை ஏறும்போது காலைவாரிவிடும்.

போர்டு வேலை முழுக்க மோசம் என்று சொல்லமாட்டேன். சார்ஜிங் ஜாக் மாற்றுவது, ஷார்ட்டான மாஸ்ஃபெட்டைக் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்) கண்டுபிடித்து மாற்றுவது எல்லாம் நல்ல கையில் நடந்தால் நிலைத்து நிற்கும். நான் எதிர்ப்பது கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடாக்கி 'உயிர் கொடுக்கும்' வேலையை. சிப்பு உயிரோடு வரும், சில வாரமோ சில மாதமோ ஓடும், பிறகு பழையபடி திரையில் கோடுகள் வரும். பல நேரம் கெட்டிருப்பது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள ஈயம் இல்லை, சிப்புக்கு உள்ளேயே இருக்கும் நுண்ணிய இணைப்பு. 2008-இல் நிவிடியா தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் இந்த வகைப் பலவீனம் இருந்ததை ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஆகவே கடையில் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, எந்தப் பாகம் ஷார்ட்? மாத்தினதும் பழசைக் கையில கொடுப்பீங்களா? வாரண்டி எத்தனை மாசம்?" பழைய பாகத்தைக் காட்ட முடியாத வேலைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாம் வழி சரியாக வரும் இடமும் உண்டு. ரேமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்த மலிவு லேப்டாப் என்றால் முதல் வழி அடைபட்டுவிடும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் பக்கம் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ அனுமதி. பள்ளி, அலுவலக வேலைக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பவர் ஆறாம் தலைமுறை மெஷினில் ரேமுக்குக் காசு போடுவதற்கு முன் யோசிக்கட்டும். விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட் போதும் என்பவருக்கு இந்தக் கவலை இல்லை. பழுதுச் செலவு, எட்டாம் தலைமுறை மெஷின் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் நானும் மூன்றாம் வழிக்கே வந்துவிடுவேன்.

வாங்குவதாக இருந்தால் திங்க்பேட் டி480 போன்றதைத் தேடுங்கள், இரண்டு ரேம் ஸ்லாட், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி. அதில் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா, அந்தத் துவாரத்தை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய ஃபர்ம்வேரோடு விட்டால் அந்தத் துவாரம் நாளடைவில் வேலை செய்யாமல் போகலாம், லெனோவாவே அதற்கு அவசரப் புதுப்பிப்பு வெளியிட்டிருக்கிறது. டி480எஸ் என்றால் ஒரு ரேம் போர்டில் பற்றவைத்தது, அது கெட்டால் மாற்ற வழியில்லை. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.