மலை ஓடையை ‘நேராக்கித் தருகிறோம்’ என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

மலைச்சரிவில் ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

வெள்ளத் தடுப்பு வேலை என்று சொல்லி ஒரு ஒப்பந்த நிறுவனம் எங்கள் ஓடையில் இறங்கியது. பாறாங்கற்களை அகற்றி, வளைவுகளை நேராக்கி, இரு பக்கமும் சுவர் கட்டினால் தண்ணீர் தங்காமல் போய்விடும் என்றார்கள். முதல் பெருமழையிலேயே படுகை அறுந்து இறங்கிவிட்டது. சுவரின் அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் கையை விட்டால் ஈரச் சரளை உதிர்கிறது. அதைவிடக் கொடுமை, அவர்கள் தொடாத மேல்பகுதியிலும் படுகை செங்குத்தாக வெட்டுப்பட்டு, மழைக்கு மழை அந்த வெட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. அரித்த கல்லும் மணலும் சரிவு குறையும் இடத்தில் சிறுபாலத்தின் கண்ணை அடைத்து, தண்ணீர் பக்கத்து நிலத்துக்குள் புகுந்தது.

செங்குத்தான ஓடையில் அந்தப் பாறைகள்தான் படுகையைப் பிடித்து வைத்திருக்கின்றன. 100 மீட்டர் தூரத்தில் 3 முதல் 6.5 மீட்டர் வரை இறங்கும் ஓடைகளில் பெரும்பாலும் பாறைகள் குறுக்கே கோத்துப் படியாகவும், அதன் கீழே குட்டையாகவும் மாறி மாறி அமையும். 1997-இல் மாண்ட்கோமரி, பஃபிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட மலை ஓடை வகைப்பாட்டில் இது தனி வகை. படியில் விழும் நீர் குட்டையில் சுழன்று வேகம் இழக்கிறது. படியை உடைத்தால் அந்த வேகமெல்லாம் படுகையை அரிக்கத்தான் போகும். வளைவை நேராக்கினாலோ, அதே இறக்கம் குறைந்த தூரத்துக்குள் வந்து சரிவு இன்னும் கூடிவிடும். மேலே பரவியிருக்கும் பெரிய கற்கள் அடியிலுள்ள பொடிச் சரளைக்குக் கவசம். பொக்லைனால் அதைக் கிளறிவிட்டால் நடுத்தர வெள்ளமே போதும், எல்லாம் கிளம்பிவிடும்.

அவர்கள் கொடுத்த அறிக்கையில் ‘சராசரிக் கல் அளவு 2 மில்லிமீட்டர்’ என்று இருக்கிறது. இடுப்பு உயரப் பாறை கிடந்த ஓடை அது! இணைத்திருந்த படத்தில், கரையோரம் அள்ளிய மணல் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. அவ்வளவுதான் அவர்கள் செய்த ஆய்வு. கல் அளவைக் கண்டுபிடிக்க 1954-இல் வோல்மன் என்ற ஆய்வாளர் சொன்ன முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படுகையின் குறுக்கே நடந்து, கீழே பார்க்காமல் குனிந்து, விரல் நுனியில் முதலில் படும் கல்லை எடுத்து அதன் நடு அச்சை (மிக நீளமான பக்கமும் இல்லை, மிகக் குட்டையான பக்கமும் இல்லை, இடைப்பட்டதை) அளக்க வேண்டும். இப்படிச் சுமார் 100 கற்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘இயற்கைச் சீற்றம்’ என்கிறார்கள். அதே மழை பெய்த அடுத்த ஓடையில் யாரும் கல்லைத் தொடவில்லை. அங்கே படிகள் அப்படியே நிற்கின்றன. அந்தப் படங்களையும் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.

உங்களிடம் யாராவது வந்தால், படுகையின் நீளவாக்குச் சரிவை அளந்தார்களா, மேலே எந்தச் சரிவிலிருந்து கல்லும் மண்ணும் வருகிறது, வேலை முடிந்தபின் அது எங்கே போய்ப் படியும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் ஒரு பாறையைக்கூட நகர்த்த விடாதீர்கள்.