அடுத்த வண்டிக்கு ரேடியேட்டர் வேண்டுமா? 11 வருடச் சூட்டுக் கணக்கு

போன வாரம் நண்பன் ஒரு படம் அனுப்பினான். கறுப்பு உறை போர்த்திய, இன்னும் வெளிவராத ஏதோ ஒரு சோதனை பைக், ஓடும் காரிலிருந்து யாரோ அவசரமாக எடுத்தது, பாதி மங்கல். கூடவே ஒரே ஒரு வரி: "ஏர் கூல்டா, லிக்விட் கூல்டா? பார்த்துச் சொல்லுடா." இன்ஜின் சூட்டைக் காற்று மட்டும் ஆற்றுகிறதா, சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஆற்றுகிறதா என்பதுதான் கேள்வி; தண்ணீர் என்றால் அதை ஆறவைக்க முன்னால் ஒரு ரேடியேட்டர் இருக்கும். ஹெட்லைட்டைப் பற்றியோ டேங்கைப் பற்றியோ அவன் கேட்கவில்லை. இந்த மாதிரிப் படம் எது வந்தாலும் நான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது முன் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு சாண் இடத்தைத்தான் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த இடத்தின் மேல் இவ்வளவு கவனம் சும்மா வரவில்லை. ஏழு வருடம் ஒரு ஏர் கூல்டு 350 சிசி பைக் ஓட்டினேன், 61,000 கிலோமீட்டர். கடந்த நாலு வருடமாக 400-க்கு உட்பட்ட லிக்விட் கூல்டு ஒற்றை சிலிண்டர், இன்றைய தேதிக்கு 37,000. இரண்டுக்கும் பெயர் சொல்லப்போவதில்லை. கம்பெனிச் சண்டை எனக்கு வேண்டாம், பேச்சு சூட்டைப் பற்றி.

பழைய வண்டியில் சூட்டை மீட்டரில் பார்த்ததில்லை, கால்தான் சொல்லும். நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் முதலில் கியர் பெடல் முரண்டு பிடிக்கும். பிறகு நியூட்ரல் கிடைக்காது. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பூட்ஸ் நுனியால் தட்டித் தட்டித் தேட வேண்டும். ஆயில் சூடேறி நீர்த்துப்போனதன் அறிகுறி அது. டேப்பெட் (வால்வுப் பகுதி) சத்தமும் கூடவே ஏறும். ஆனால் திறந்த சாலைக்கு வந்து ஐந்து நிமிடம் காற்று பட்டால் போதும், எல்லாம் பழையபடி. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் துடுப்புகள் ஆறும்போது 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் வரும், பாருங்கள். புது வண்டியில் எனக்குக் கிடைக்காத சுகம் அது ஒன்றுதான்.

புது வண்டி வேறு மாதிரி. சிக்னலில் நின்றால் மீட்டரில் வெப்பநிலை எண் ஏறுவது தெரியும்: 96, 99, 101. 103-ஐத் தொட்டதும் ஃபேன் 'ங்ங்ங்' என்று கிளம்பும். கியர் எப்போதும் போல வெண்ணெயாக விழும், இன்ஜின் ஒரு சத்தம் கூடப் போடாது. ஆனால் ரேடியேட்டரைக் கடந்து வரும் அந்த வெந்நீர்க் காற்று நேராக என் வலது முழங்காலுக்குக் கீழே வந்து மோதும். முதல் வாரம், ஏதோ கோளாறு என்றே நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். "எல்லாம் சரியா இருக்குண்ணே, இது இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

"லிக்விட் கூல்டு என்றால் சூடு தெரியாது" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இன்ஜின் எரிக்கும் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது. மீதி சூடாகத்தான் வெளியேற வேண்டும், சைலன்ஸர் வழியாகப் பாதி, சிலிண்டர் சுவர் வழியாக மீதி. தண்ணீர் அந்தச் சூட்டை அழிப்பதில்லை, சிலிண்டரிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோய்க் கொட்டுகிறது. 20 குதிரைத்திறன் வண்டியை விட 40 குதிரைத்திறன் வண்டி முழு வேகத்தில் கொட்டும் சூடும் அதிகம். ஆக ரேடியேட்டர் இன்ஜினின் நிம்மதிக்கு; ஓட்டுபவன் காலுக்கு என்ன ஆகும் என்பது அந்தக் காற்றை எந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. மீட்டரில் ஒரே எண் காட்டும் இரண்டு வண்டிகளில் ஒன்று காலைப் பொசுக்கும், இன்னொன்று தொடாது.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மாறுகின்றன? புகை விதிகள் பெரிய காரணம். காற்றை நம்பும் இன்ஜினில் வெப்பநிலை மேலும் கீழும் ஆடும், அதற்கு இடம் கொடுத்து பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும். அந்த வழியாக ஆயில் மேலேறி எரியும். என் பழைய வண்டி இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே 150 மில்லி வரை குடித்தது, அதைக் கோளாறு என்று நான் எண்ணியதில்லை. போதாததற்கு, தலைப்பகுதியைக் குளிர்விக்க அந்தக் காலத்தில் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊட்டுவார்கள். 2020-இல் ஐரோப்பாவில் யூரோ 5, இந்தியாவில் பிஎஸ் 6 வந்தபின் அந்தச் சலுகையெல்லாம் போயிற்று. தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் ஒரே சூட்டில் நிற்கும், இடைவெளியை இறுக்கலாம், கலவையைத் துல்லியமாக வைக்கலாம். சத்தமும் தண்ணீர்ச் சுவருக்குள் அடங்கும்.

இனி ஊகத்துக்கு வருகிறேன். புது மாடல் பற்றிய வதந்தி வந்ததும் நான் போடும் கணக்கு, இன்ஜின் கொள்ளளவில் லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது. ராயல் என்ஃபீல்டின் 349 சிசி இன்ஜின் 20 சொச்சம், லிட்டருக்குக் கணக்கிட்டால் 58. பழைய ஹிமாலயன் 411-உம் கிட்டத்தட்ட அதே 59. இரண்டும் காற்றில் பிழைத்தன. 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் 452 சிசிக்கு 40, அதாவது லிட்டருக்கு 88. கூடவே ரேடியேட்டரும் வந்தது. அந்த வண்டியில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பழையதில் போர் (சிலிண்டரின் விட்டம்) 78, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மில்லிமீட்டர், புதியதில் போர் 84, ஸ்ட்ரோக் 81.5. நீளமாக நிதானமாக ஓடிய பிஸ்டன், குட்டையாக வேகமாக ஓடும் அகலப் பிஸ்டனாக மாறிவிட்டது. கம்ப்ரெஷனும் (பெட்ரோல் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 9.5-லிருந்து 11.5-க்கு ஏறியது. இவ்வளவையும் மாற்றிவிட்டுக் காற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

"அப்போ சுசுகி ஜிக்ஸர் 250?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 249 சிசியில் 26.5 குதிரைத்திறன், லிட்டருக்கு 106, ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி ஆயிலையே ஓடவிட்டிருக்கிறார்கள். என் கணக்கு அங்கே தடுமாறுகிறது, காரணம் சிலிண்டரின் அளவு. ஒரு பாத்திரத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் வெளிப்பரப்பு நாலு மடங்குதான் கூடும், கொள்ளளவு எட்டு மடங்கு. சின்ன சிலிண்டர் தன் சூட்டைத் தானே வெளியே தள்ளிவிடும், பெரியதற்குத்தான் மூச்சு முட்டும். ஒரே எடைக்குத் தண்ணீர் ஏந்தும் சூட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் ஆயில் ஏந்தும். 250-க்கு அது போதும், வேகமாகச் சுற்றும் 450 ஒற்றை சிலிண்டருக்குப் போதாது. மறுபக்கம் பிஎம்டபிள்யூ ஆர் 18-ஐப் பாருங்கள்: 1,802 சிசி, ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு சின்னக் குடம். ஆனாலும் காற்றும் ஆயிலும் போதுமானதாக இருக்கிறது. 91 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றவிட்டதால்தான்.

ஆகவே என் ஊகம் இது. 350 வட்டாரத்தில் நிதானமாக ஓடும் நீள ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் ஒரு சுற்று ஏர் கூல்டாகவே வரும். 400-க்கு மேல் வேகமும் வேண்டும் என்கிற ஒற்றை சிலிண்டர் எதுவாக இருந்தாலும் ரேடியேட்டர் நிச்சயம். 650 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிகளில்தான் சுவாரஸ்யம்: ஒரு சிலிண்டருக்கு 325 சிசிதான் வருகிறது, கொஞ்சம் கொள்ளளவு கூட்டினாலும் ஆயிலை மட்டும் ஆற்றும் ஆயில் கூலரோடு சமாளிக்கலாம். அடுத்த புகை விதி எவ்வளவு இறுக்கும் என்பதில்தான் அது நிற்கிறது.

தோற்றத்துக்காக மனம் தளர வேண்டாம். ட்ரையம்ப் பானவில் 2016-இல் தண்ணீருக்கு மாறியபோதும் துடுப்புகளை விடவில்லை, ரேடியேட்டரை ஃபிரேமின் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒடுக்கி வைத்தார்கள். படத்தை மட்டும் பார்த்துத் துடுப்பு இருக்கிறதே என்று ஏர் கூல்டு முடிவுக்கு வந்து பந்தயத்தில் தோற்றவர்களில் நானும் ஒருவன். 1971-இல் சுசுகி ஜிடி 750 தண்ணீரோடு வந்தபோது அமெரிக்காவில் அதற்கு 'நீர் எருமை' என்றும் இங்கிலாந்தில் 'கெட்டில்' என்றும் பட்டப்பெயர் வைத்தார்கள். அன்று கேலி, இன்று அதுவே வழக்கம்.

படத்தில் துடுப்பை நம்பாதீர்கள், குழாயைத் தேடுங்கள். ஆயில் கூலர் என்றால் சின்னதாக, நாலைந்து வரிகளோடு இருக்கும், மெல்லிய குழாய் இரண்டு கிராங்க் கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பாகம்) வரும். ரேடியேட்டர் என்றால் பெருவிரலை விடத் தடித்த ரப்பர் ஓஸ் சிலிண்டர் தலைக்குப் போகும், பின்னால் ஃபேனின் வட்டம் தெரியும், எங்காவது கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் திரவம்) வைக்கும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவும் ஒளிந்திருக்கும்.

பராமரிப்பில் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. நாலு வருடத்தில் ஒரு முறை கூலன்ட் மாற்றினேன், கலவையில் குழாய்த் தண்ணீரைச் சேர்க்கவே கூடாது, உள்ளே உப்புப் படியும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவும் கூடாது. ஒருமுறை முன் லாரி தெறித்த கல் ரேடியேட்டரின் நடுவில் நாலு வரியை மடக்கிவிட்டது, கசியவில்லை, அன்றே கம்பிவலை மாட்டினேன். இன்னொரு காலையில் வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்னத் துளையிலிருந்து பச்சையாக ஒரு சொட்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தெரியட்டும் என்பதற்காகவே வைத்த துளை அது. சீல் மாற்றியாயிற்று, அரை நாள் வேலை. பழைய வண்டியில் இந்த உறுப்பே கிடையாது என்பது நினைவுக்கு வரத்தான் செய்தது.

நண்பனுக்கு என்ன பதில் சொன்னேன்? உறையின் இடது ஓரத்தில் தடித்த ஓஸ் ஒன்றின் வளைவு தெரிகிறது, எனவே லிக்விட் கூல்டு என்றேன். துடுப்புகள் பொய்யாக இருக்கலாம் என்றும் சேர்த்தேன். "அப்போ வாங்கலாமா?" என்று உடனே கேட்டான். வண்டி வரட்டும், டெஸ்ட் ரைடை காலை ஆறு மணிக்குக் காலிச் சாலையில் எடுக்காதே, உச்சி வெயிலில் மெல்லிய பேன்ட் போட்டுக்கொண்டு நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்து பார், ஃபேன் மூன்று முறை கிளம்பட்டும், அதற்குப் பிறகு வலது காலைக் கேள் என்றேன்.