டெல்லியிலிருந்து பனி மலைக்கு: ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு செயினா, துணி உறையா, டயரா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் இருந்துகொண்டு குளிர்காலத்தில் ஒன்றிரண்டு தடவை ஹிமாச்சலில் மணாலி, சிஸ்ஸு, நார்கண்டா என்று போய்வருகிற ஆளாக இருந்தால், உங்களிடம் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிற ஆல் வீல் டிரைவ் வண்டியே இருந்தாலும், பனியில் பிடி கிடைக்க டயரைச் சுற்றி மாட்டுகிற இரும்பு ஸ்நோ செயின் நல்லதாக ஒரு ஜோடி வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். டயருக்குச் சட்டை மாதிரி மாட்டுகிற துணி உறை அதற்கு அடுத்த இடம். ஆன்லைனில் ஆரஞ்சு நிறத்தில் விற்கிற பிளாஸ்டிக் பட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள்.

"ஃபோர் வீல் வண்டிதானே சார், அதுக்கு எதுக்கு செயின்?" என்று ஆர்.கே.புரம் மலை மந்திரில் பார்க்கிற நண்பர்கள்கூடக் கேட்கிறார்கள். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிறது என்பது வண்டி நகர்வதற்கும் ஏற்றம் ஏறுவதற்கும்தான் உதவும். பிரேக் என்பது எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும் இருக்கிற சமாச்சாரம், அதனால் நிறுத்துகிற விஷயத்தில் ஆல் வீல் டிரைவுக்குத் தனி லாபம் கிடையாது. நிற்பதா வழுக்குவதா என்பதை டயர் ரப்பர் தரையைப் பிடிக்கிற பிடிதான் முடிவு செய்கிறது. சாதாரண வண்டி ஏற்றத்திலேயே சறுக்கி நின்றுவிடும், டிரைவருக்கு உடனே புத்தி வரும். நம் வண்டி சத்தமில்லாமல் மேலே ஏறிப் போய்விடும், திரும்பி இறங்கும்போதுதான் தெரியும் அந்த ரோடு எவ்வளவு வழுக்கல் என்று. மணாலிக்கு மேலே சோலாங்கிலிருந்து பல்சான் பக்கம் இறங்குகிற வழியில், வெயிலே படாத வளைவுகளில், பகலில் உருகிய தண்ணீர் ராத்திரி உறைந்து கண்ணுக்கே தெரியாத ஐஸ் ஆகியிருக்கும். அங்கே பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அடிக்கும், வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜிம்னி, தார் மாதிரி லோ கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான தனி கியர்) இருக்கிற வண்டிகளுக்கு இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, நன்றாகக் கிடைக்கும், அது உண்மையிலேயே பெரிய உதவி. கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் மாதிரி வண்டிகளில் ஸ்நோ மோடு இருக்கிறது, லோ கியர் இல்லை. என்னுடையது அந்த ரகம்தான்.

நான் எழுதுவதெல்லாம் 215/60 ஆர்17 டயருக்கு, கம்பெனியிலிருந்து வந்த சாதாரண டயரோடு.

செயினுக்கு வருகிறேன். இரண்டு பின்னல் இருக்கிறது, ஏணி மாதிரி குறுக்கே குறுக்கே ஓடுவது ஒன்று, டைமண்ட் மாதிரி சாய்சதுரமாக ஓடுவது இன்னொன்று. ஏணி வகை விலை குறைவு, நேராகப் போவதற்குப் போதும், ஆனால் இரண்டு குறுக்குச் சங்கிலிக்கு நடுவில் இருக்கிற ரப்பர் தரையில் படும்போது பக்கவாட்டில் பிடி குறைகிறது. மலை ரோட்டில் வளைவுதானே முக்கால்வாசி? டைமண்ட் வகையில் எந்த நேரத்திலும் கொஞ்சம் இரும்பு தரையில் இருக்கும், அதனால் வளைவிலும் பிடிக்கும், அதிர்வும் குறைவு. பின்பக்கம் வளையும் கம்பி வளையம் இருக்கிற மாதிரி பார்த்து வாங்கினால், வண்டியை நகர்த்தாமலே சக்கரத்துக்குப் பின்னால் விட்டு மேலே கொக்கி போட்டுவிடலாம். காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது, நான் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். கடைக்காரர் "எல்லா எஸ்யூவிக்கும் வரும்" என்பார், நம்பாதீர்கள். டயர் பக்கவாட்டில் இருக்கிற எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், பெட்டியில் அதே எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணியின் தடிமனும் முக்கியம். 16 மில்லிமீட்டர் கனமான எஸ்யூவிக்கு நல்லது, ஆனால் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் குறைவாக இருந்தால் உள்ளே உரசும், அப்படிப்பட்ட வண்டிக்கு 9 மில்லிமீட்டர் பாருங்கள்.

எந்தச் சக்கரத்தில் போடுவது? நாலிலும் போட்டால் உத்தமம். ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். முன்சக்கர வண்டியை அடிப்படையாக வைத்துச் செய்த ஆல் வீல் டிரைவ்களில் பெரும்பாலும் முன்னால் போடுவதுதான் வழக்கம். ஆனால் முன்னால் மட்டும் போட்டு இறங்கும்போது முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் லேசாக விலகப் பார்க்கும். அதனால் இறக்கத்தில் நடக்கிற வேகம்தான், பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான். நேர் ரோட்டில்கூட 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, நான் 30 தாண்டுவதில்லை. போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், இதைச் செய்யாதவர்களின் செயின்தான் மட்கார்டைக் கிழிக்கிறது. கிளம்புவதற்கு முன் உங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் போட்டுக் கழற்றிப் பழகிக்கொள்ளுங்கள். ரப்பர் பூசிய கையுறை, மண்டியிட ஒரு பழைய கால்மிதி, தலையில் மாட்டும் விளக்கு, இந்த மூன்றும் செயின் பையிலேயே இருக்கட்டும்.

இப்போது துணி உறை. நார்வேயில் உருவான ஆட்டோசாக் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தம்பி ஜெர்மனியிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தான். போடுவது அவ்வளவு சுலபம்! மேல்பாதியைச் சக்கரத்தில் மாட்டி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, மீதியை இழுத்துவிட்டால் போதும், ஓடும்போது தானே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதுப் பனியில் அருமையாகப் பிடிக்கிறது, சத்தமே இல்லை, என் மனைவி தனியாகவே போட்டுவிடுகிறாள். அலாய் வீலில் கீறலும் விழாது. குறை என்னவென்றால், காய்ந்த தார் ரோடு பட்டால் தேய்ந்துவிடும்.

மணாலியிலிருந்து சிஸ்ஸுக்கு அடல் சுரங்கம் வழியாகப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. 2020 அக்டோபரில் திறந்த அந்தச் சுரங்கம் 9.02 கிலோமீட்டர். தெற்கு வாசல் வரைக்கும் பனி, உள்ளே காய்ந்த ரோடு, வடக்கு வாசலைத் தாண்டி சிஸ்ஸு பக்கம் போனால் திரும்பவும் ஐஸ். உள்ளே வண்டியை நிறுத்தக்கூடாது. செயினோடு அவ்வளவு தூரம் காய்ந்த ரோட்டில் ஓட்டினால் செயினும் கெடும், டயரும் கெடும். துணி உறை என்றால் கிழிந்தே போகும். அதனால் வாசலுக்கு முன்னால் கழற்றி, அந்தப் பக்கம் போய் மறுபடி போட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு இடத்தில் துணி உறையின் சுலபம் உண்மையான சௌகரியம், ஏனென்றால் விரல் விறைத்துப் போன குளிரில் செயின் கொக்கியோடு மல்லுக்கட்டுவது கொடுமை. ஆனாலும் அந்தப் பக்கம் இருப்பது கெட்டியான ஐஸ், அதில் துணியைவிட இரும்புதான் எனக்குத் தைரியம் தருகிறது. போலீஸ் பனி அதிகமான நாட்களில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டும்தான் மேலே விடுகிறார்கள். விட்டுவிட்டார்களே என்பதற்காக ரோடு சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த பிளாஸ்டிக் பட்டை, டயரைச் சுற்றிக் கட்டுகிற பெரிய கேபிள் டை மாதிரி இருக்குமே, அதை ஆன்லைனில் வாங்கிப் பார்த்தேன். இறக்கத்தில் ஒன்று அறுந்து உள்பக்கம் படபடவென்று அடித்தது, குழந்தைகள் பயந்துவிட்டார்கள். சேற்றில் மாட்டிய வண்டியை வெளியே எடுக்க வேண்டுமானால் பயன்படலாம்.

டயரே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் ஓடுகிற அசல் விண்டர் டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் போகாத மென்மையான ரப்பர். டெல்லி வெயிலில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும், ஒரு செட் டயரைக் கழற்றி வைக்க பால்கனியிலும் இடம் கிடையாது. நடுவழி ஒன்று இருக்கிறது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கிற, எல்லா வகைத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர்கள், யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015, பிஎஃப் குட்ரிச் கேஓ2 போன்றவை. அந்தச் சின்னம் பனியில் சோதித்துப் பார்த்துத் தருவது. வெறும் எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) என்ற எழுத்து தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். உங்கள் அளவிலும் சின்னம் இருக்கிறதா என்று டயரைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். மாதாமாதம் மலைக்குப் போகிறவர்களுக்கும், தார், ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கும் இது நல்ல செலவு. ஆனால் ஐஸுக்கு அதற்கும் மேலே செயின் வேண்டும்தான்.

ஒரு சின்ன விஷயம், காற்றழுத்தம். வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். டெல்லி மதியத்தில் சரியாக அடித்துக்கொண்டு போனாலும் சிஸ்ஸு காலையில் அளவு மாறியிருக்கலாம், அங்கே பார்த்துச் சரி செய்யுங்கள்.

திரும்பி வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். மயூர் விஹார் பக்கம் யாராவது இதே டயர் அளவு வண்டி வைத்திருந்தால், வாங்குவதற்கு முன் என்னுடைய செயினைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன்.